கதைப் புத்தகத்துக்கு எதிராகப் பேசி ஜெயித்தவள்

இன்று சங்கரன்கோவிலில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து சீட்டுக்காரி என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஏட்டி, பட்டிமன்றத்துல என்னைத் தோக்கடிச்சவ நீதானே?”

செல்வி. ஒன்பதாம் வகுப்பில் என்னோடு படித்தவள்.

எழுபதுகளின் கடைசியில், எங்கள் பள்ளிக்கூடத்து இலக்கிய விழாவில், கதைப் புத்தகம் படிப்பைக் கெடுக்குமா என்று ஒரு பட்டிமன்றம். பிள்ளைகளை வாசிக்க வைக்கத்தான் அந்த விழாவே. சீட்டுக் குலுக்கியதில் ‘கெடுக்கும்’ அணி எனக்கு வந்தது. மேஜையைத் தட்டித் தட்டிப் பேசி ஜெயித்தேன். எனக்கும் தோற்றுப்போன செல்விக்கும் ஒரே கதைப் புத்தகத்தைத்தான் ஆளுக்கொரு பிரதியாகப் பரிசு கொடுத்தார்கள்.

“அந்தக் கதை உனக்குப் பிடிச்சிருந்துச்சா?” என்று கேட்டாள்.

“எங்க படிச்சேன்? நான் பேசுனத எங்க அப்பா கூட்டத்துல உக்காந்து கேட்டுட்டாரு. ‘நீயே சொல்லிட்டியே மக்கா, பரீட்சை முடியட்டும்’னு மரப்பெட்டியில வச்சுப் பூட்டிட்டாரு. திறக்கதுக்குள்ள கரையான் படிச்சு முடிச்சிருச்சு.”

சிரித்து ஓய்ந்து, அவளே கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். வழியில் எந்த ஊர் வந்தது, போனது என்றே தெரியவில்லை. புளியங்குடி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“ஏட்டி, முடிவைச் சொல்லிட்டுப் போ.”

“சொல்ல மாட்டேன். கதை கேட்டா நீ கெட்டுப் போயிருவ.”

இறங்கிப் போயே போய்விட்டாள்.

அன்றைய தீர்ப்பை இப்போது மாற்றி எழுத வேண்டும். நடுவராக வர யாருக்குச் சம்மதம்?