விசிலடித்து வானம் காட்டிய கலியமூர்த்தி சார்

கலியமூர்த்தி சார் போய்விட்ட செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்கிக்கொண்டு மார்க்கெட்டை விட்டு வெளியே வருகிறேன். எங்கள் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் நான்கைந்து பெண்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு அழுதபடி, சார் வீடிருக்கும் தலத்தெருப் பக்கம் போகிறார்கள். "மேடம், உங்களுக்குத் தெரியாதா? பி.டி. சார் செத்துட்டாங்க மேடம். நெஞ்சு வலியாம்" என்றாள் ஒருத்தி. ஆசிரியர் அறையில் அவருக்கு எதிர் நாற்காலியில் வருடக்கணக்காக உட்கார்ந்தவள் நான். எனக்கு முன்னால் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அழுகை வருவதற்கு முன் எனக்கு அந்த எரிச்சல்தான் வந்தது. சாரை அறிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள், சிரியுங்கள். அவர்மேல் எனக்கிருந்த பொறாமை பள்ளிக்கே தெரியும், அவருக்கும் தெரியும்.

அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியல் ஆசிரியை, பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள். அவர் விளையாட்டு ஆசிரியர். பள்ளியின் விண்வெளி மன்றம் அவருடையது. இதை எப்படிச் சகித்துக்கொள்வது? ஒரு பிள்ளையாவது ஆசையாக என்னைத் தேடி வந்து வானத்தைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் காத்திருந்தேன். பிள்ளைகள் வந்தார்கள். என் வகுப்பைக் கடந்து மைதானத்துக்குப் போனார்கள்.

எல்லாம் ஒரு பயிற்சியில் தொடங்கியது. ஆசிரியர்களுக்கான ஒரு வார விண்வெளி அறிவியல் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு ஓர் இடம் வந்தது. ஏவுதளத்துக்கே கூட்டிப்போவார்கள். கல்லூரி நாளிலிருந்து நான் ஏங்கிக்கிடந்த இடம் அது. அந்த வாரம் பார்த்து பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. என்னை விடமுடியாது என்று தலைமையாசிரியை கையை விரித்துவிட்டார். இடம் வீணாகக் கூடாதே என்று, கையில் வேலை இல்லாதிருந்த பி.டி. சாரை அனுப்பினார்கள். அவர் ராக்கெட் படம் போட்ட தொப்பியோடு திரும்பி வந்தார். "என்ன சார் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன், கேள்வியில் விஷம் இருந்தது. "பாதி புரியல மேடம். ஆனா கிளம்புச்சு பாருங்க, காலுக்குக் கீழ தரை அதிருது. நான் அழுதுட்டேன்" என்றார். அந்த உந்துவிசைக்கான சமன்பாட்டை நான் தூக்கத்தில் கேட்டாலும் எழுதுவேன். அந்தத் தரை அதிர்ந்ததை இன்றுவரை என் கால் அறியாது.

அடுத்த சனிக்கிழமையே மன்றம் தொடங்கிவிட்டது. விசில், சுண்ணாம்புக் கோடு, கயிறு, கிரிக்கெட் ஸ்டம்பு, இவைதான் அவருடைய ஆய்வகம். பிள்ளைகள் வாயைத் திறக்கத் தயங்கினால் அவர் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "தப்பாச் சொல்லுங்கடா, ஒண்ணும் ஆயிடாது. திருத்தத்தான் மேடம் இருக்காங்கள்ல?" அவரும் தாராளமாகத் தப்புச் செய்வார். அவர் என் கண்ணில் படும் வரை காத்திருந்து திருத்துவேன். முகம் கோணாமல் கேட்டுக்கொள்வார், அடுத்த வாரம் புதிதாக ஒன்றைத் தப்பாகச் சொல்வார்.

நிழல் இல்லாத நாளை நினைத்துப் பார்க்கிறேன். சித்திரை பிறந்து சில நாளில் நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. உச்சி வெயிலில் பிள்ளைகளை வெளியே நிறுத்தலாமா, காத்து கருப்பு அண்டிவிடாதா என்று அம்மாக்கள் சிலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "வந்தது வந்துட்டீங்க, நீங்களும் நின்னு பாத்துட்டுத் திட்டுங்க" என்று அவர்களையும் வரிசையில் நிறுத்திவிட்டார். மணி பன்னிரண்டானது. விசிலை ஊதினார். ஸ்டம்புகளுக்கு நிழல் இன்னும் விரலளவு கிடந்தது. சாரின் முகம் சுருங்கிப்போனது. நான் குடைக்குள் நின்றுகொண்டு, "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு சார். கடிகாரம் நாட்டுக்கெல்லாம் ஒண்ணு, காரைக்காலுக்குச் சூரியன் கொஞ்சம் தாமதமாத்தான் உச்சிக்கு வரும்" என்றேன். வேறு யாராவது என்றால் சமாளித்திருப்பார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நான்தான் தப்பு! மேடம் சொல்லிட்டாங்க, சூரியன் இன்னும் பஸ் ஏறல!" என்று கத்தினார். மைதானமே சிரித்தது. திட்ட வந்த அம்மாக்கள் அந்தப் பத்து நிமிடமும் குனிந்து தங்கள் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழல் ஸ்டம்புக்கு அடியில் ஒடுங்கி மறைந்தபோது எழுந்த கூச்சலை இன்றும் என் காது மறக்கவில்லை. சரியான நேரத்தைச் சொன்னவள் நான், பிள்ளைகள் தோளில் தூக்கியது அவரை.

சூரியக் குடும்பத்தைப் பலகைகளில் எழுதி ஊர் முழுக்கப் பரப்பியதும் அவர்தான். பள்ளி வாசலில் சூரியன், வழியில் கோள்கள், கடைசிக் கோளான நெப்டியூன் நெரவியில். தூரங்களைக் கணக்குப் போட்டுக் கொடுத்தது நான். ஒரு வாரத்துக்குள் நெரவிப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறி "நெப்டியூன் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்கள், கண்டக்டரும் "நெப்டியூன் எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். நான் ஒருநாள் அந்த பஸ்ஸில் போனேன். "பி.டி. சார் ஸ்கூல் டீச்சரா நீங்க?" என்று கேட்டார் கண்டக்டர். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்வது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மாணவர்களுக்கான விண்வெளி முகாம் விஷயத்தைத்தான் என்னால் மன்னிக்க முடிந்ததில்லை. நெடுங்காட்டிலிருந்து வந்துகொண்டிருந்த செல்வி தேர்வானாள். நடவு வேலைக்குப் போகிறவரின் மகள். தேர்வுக்கு அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது நான். அவள் அப்பா வெளியூருக்கு அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் வீட்டுக்கே போய் முகாமின் பெருமையையும் எதிர்காலத்தையும் எடுத்துச் சொன்னேன். "நீங்க சொல்றதெல்லாம் சரிங்க மேடம், ஆனா பொம்பளப் புள்ளைங்க" என்று எழுந்துவிட்டார். மறுநாள் சார் போனார். எதிர்காலம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். "உங்களுக்குப் புள்ளைய விட்டுட்டு இருக்க முடியாது, அதானே? சட்டையை மாட்டுங்க, ரெண்டு பேரும் கூடவே போவோம்" என்றாராம். போனார்கள். முகாம் முடியும்வரை இருவரும் வெளியே ஒரு லாட்ஜில் தங்கி, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் காத்துக்கிடந்தார்கள். திரும்பி வந்து காலைக் கூட்டத்தில் செல்வி பேசினாள். கண் கலங்க நன்றி சொன்னாள், பி.டி. சாருக்கு. கைதட்டினேன். உள்ளே வயிறு பற்றி எரிந்தது. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்ற கேள்வி இன்னும் எரிகிறது.

செல்வி இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள். சாரின் உடலை எடுப்பதற்குள் வந்து சேர்ந்துவிட்டாள், சாரின் மனைவியைக் கட்டிக்கொண்டு கதறினாள். நான் ஓரமாக நின்றேன். நான் செத்தால் இப்படி யார் அழுவார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் தலைமையாசிரியை மன்றத்தை என்னிடம் ஒப்படைத்தார். நான் ஆசைப்பட்டது, கேட்காமலே கைக்கு வந்தது. யாரும் வரமாட்டார்கள் என்ற பயத்தோடுதான் சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். எல்லோரும் வந்திருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், ராக்கெட்டை ஏன் கிழக்கால பாத்து விடுறாங்க?" என்று கேட்டாள். எத்தனை வருடம் காத்திருந்த கேள்வி! பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, அந்த வேகம் ராக்கெட்டுக்கும் சேர்ந்து கிடைக்கிறது, கிழக்கே கடல் இருப்பதால் ஆபத்தும் குறைவு என்று அழகாக விளக்கினேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் உட்காரவில்லை.

"சார் வேற மாதிரி சொன்னாங்க மேடம்."

"என்ன சொன்னாரு?"

"கிழக்கதான் மொதல்ல விடியுது. ராக்கெட்டுக்குப் போற வழி தெரியணும்ல, அதான் அந்தப் பக்கமா விடுறாங்கன்னு சொன்னாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திருத்தத்தான் மேடம் இருக்கிறேன். வாயைத் திறந்தேன், "உக்காரும்மா" என்று மட்டும்தான் வந்தது.

அவருடைய பொருள்களுக்கு வீட்டில் உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர் பேரைச் சொல்ல ஊரெல்லாம் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் சொன்ன தப்புகளை. எவையெல்லாம் தப்பு என்று முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் ஒன்றைக்கூட இனி யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.