பாதி கட்டி முடித்த கடன்

வீட்டுக்கடன் பிரிவில் உத்தியோகம் என்பது, அடுத்தவரின் வீட்டுக் கனவை மூன்று ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்வது. மேற்குத் தாம்பரத்தில், ரயில் அறிவிப்பு உள்ளேவரை கேட்கும் ஒரு வங்கிக் கிளையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மனிதகுல நன்மையை முன்னிட்டு, முதலில் ஒரு மூடநம்பிக்கையை ஒழித்துவிடுகிறேன். பாக்கியில் பாதியைக் கட்டி, மீதியை வங்கியே தள்ளுபடி செய்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நம்புகிறோம். தீரவில்லை. பூமி உருண்டை என்பதற்கு இணையான உண்மை இது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதில்லை. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு என்றைக்காவது வங்கியில் காத்திருந்த உங்களுக்கு, மேற்கொண்டு சொல்வது எளிதில் புரியும்.

பட்டறையில் பேசப்பட்ட வெற்றி

தண்டபாணி திருமுடிவாக்கத்தில் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். சிட்லபாக்கத்தில், சமையலறை ஜன்னலில் ஏரி தெரியும் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மனைவி சுலோசனாவுடன் கடன் கேட்டு வந்தார். வருமானம் சரி, பத்திரம் சரி. இதுவரை வாங்கிய கடன்களையெல்லாம் காட்டிக்கொடுக்கும் கடன் அறிக்கையை வரவழைத்தேன். வேறொரு வங்கியின் பழைய கிரெடிட் கார்டுக்கு எதிரே 'செட்டில்டு' என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் தலைமை அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

'செட்டில்டு' என்று இருப்பதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. ஆர்டர் இல்லாத ஒரு வருஷம் கார்டு பாக்கி ஏறிவிட்டதாம். வசூல்காரர்கள் பட்டறை வாசலில், வேலையாட்கள் பார்க்க, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்களாம். இவர் டீ வாங்கிக் கொடுத்து, பொழுது சாயும்வரை பேரம் பேசினாராம்.

"பாதிக்கு முடிச்சேன் சார். எங்க பட்டறைல இன்னிக்கும் அத்த பத்தி பேசிக்கினு இருப்பாங்க."

நாலு வளையல்

ஒருவர் தன் வாழ்வின் பெருவெற்றி என்று நினைப்பதைக் குற்றப்பட்டியலில் காட்டுவது சுகமான வேலையல்ல. முழுவதும் கட்டியிருந்தால் 'க்ளோஸ்டு' என்று இருக்கும். 'செட்டில்டு' என்றால் கொடுத்ததில் கொஞ்சத்தை வங்கி இழந்தது என்று அர்த்தம். அடுத்த வங்கி அதைப் படித்துவிட்டுத் தன் பெட்டியைப் பூட்டிக்கொள்ளும் என்று விளக்கினேன். விட்ட பாக்கியையும் கட்டி, பழைய வங்கி திருத்தம் அனுப்பினால்தான் வழி. அதற்குள் ஆனி முடிந்துவிடும். ஆனி முடிந்தால் ஒப்பந்தக் கெடு தீர்ந்து அட்வான்ஸ் போய்விடும். பட்டறையின் சேமிப்பு மொத்தமும் அந்த அட்வான்ஸில் இருந்தது.

தண்டபாணி மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுலோசனா என் பக்கம் திரும்பினார்.

"என் வளையல் நாலு இருந்தது சார். நாலையும் வித்து முழுசா கட்டுன்னேன். ரெண்டு உன் கைல கிடக்கட்டும்னு இவருதான் பேரம் பேசப் போனாரு."

வாங்க ஆளில்லாத பணம்

மறுநாளே அந்த இரண்டு வளையலும் விற்பனையாயின. பணத்துடன் தண்டபாணி மின்சார ரயில் ஏறி, பழைய வங்கியின் பெரிய அலுவலகத்துக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண், இப்படி ஒரு கணக்கே கம்ப்யூட்டரில் இல்லை என்றாள். மாடியில் வசூல் பிரிவு. முன்பு இவரைத் தேடி வீட்டுக்கும் பட்டறைக்கும் நாய்போல் அலைந்த பிரிவு. அவர்கள், முடிந்த கணக்குக்குப் பணம் வாங்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று கைவிரித்தார்கள். ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு, யாராவது ஏமாற்றிவிட்டார்களா என்று விசாரித்திருக்கிறார்.

சாயங்காலம் பணப்பையோடு திரும்பி என் எதிரே உட்கார்ந்தார். 'தள்ளுபடி செய்த தொகையை என் விருப்பத்தின் பேரில் செலுத்துகிறேன். பாக்கியில்லை என்று சான்று தந்து, அறிக்கையையும் திருத்தவும்' என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். நடை எனக்கே பிடித்திருந்தது. நேரே மேலதிகாரியைப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது தடவை போனபோது பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

"கடன் கேட்டுகூட இப்படி அலைஞ்சதில்ல சார். குடுக்கறதுக்கு இன்னா பேஜாரு."

ஆடி செய்த உதவி

பணம் கட்டியதும் அறிக்கை மாறிவிடும் என்பது இரண்டாவது மூடநம்பிக்கை. வங்கிகள் மாதக் கணக்கை, அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பிய பிறகுதான் மாறும். ஆனி முடிய மூன்று நாள் இருந்தது. ஃபிளாட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. வேறு பார்ட்டி தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பிரிவில் ஆடி மாதம் ஈ ஓட்டும் மாதம். ஆடியில் பத்திரம் பதிய எவரும் வருவதில்லை. அதிகாரிக்கு போன் செய்து, அந்த வேறு பார்ட்டி ஆடியில் பதிய ஒப்புக்கொண்டாரா என்று மிகவும் பணிவாகக் கேட்டேன். மறுமுனையில் பஞ்சாங்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, ஆவணி முதல் முகூர்த்தம்வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது சார். வாங்க வர்றவனுக்கு இருக்கே, என்ன பண்றது?"

ஏரி தெரியும் ஜன்னல்

ஆடி முடியும் தறுவாயில் புது அறிக்கை வந்தது. பழைய கார்டுக்கு எதிரே 'க்ளோஸ்டு'. பழைய தாமதங்களின் தழும்பு அப்படியே இருந்ததால் வட்டி கால் சதவீதம் கூடுதல். தண்டபாணி அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது சுலோசனா, கண்ணாடி வளையல் குலுங்க, சமையலறை ஜன்னலைத் திறந்து காட்டினார். ஏரியில் பாதி ஆகாயத்தாமரை.

"பாதி தண்ணி தெரியுது சார், போதும்."

பேரத்தில் மிச்சம் பிடித்ததை, பேரமில்லாமல், தேடிப் போய், கெஞ்சித் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் எங்கள் தொழிலில் நாணயம் என்று பெயர். தண்டபாணி இப்போது தாம்பரம் மார்க்கெட்டில் சொன்ன விலையைக் கொடுத்துவிடுகிறாராம். அவருக்கு மட்டும் கீரைக்காரம்மா கட்டுக்கு ஒரு ரூபாய் ஏற்றியிருக்கிறார்.