முப்பத்தாறு பூட்டும் ஒரு மாத்திரையும்

திருச்சானூரில் நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த லாட்ஜில் முப்பத்தாறு அறைகள். பதினாறாம் நம்பர் காலியா என்று யாராவது கேட்டால் நான் திரும்பிச் சாவிப் பலகையைப் பார்ப்பேன். ரத்தினம்மா மாடிப்படியைத் துடைத்தபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொல்லிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். மேனேஜர் வேதாச்சலம் என்று மேசையில் என் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

அவளுக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் நகரி பக்கம். கணவன் துலுக்காணம் அங்கே விசைத்தறிகளுக்கு நூல் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டியவன். தொண்ணூற்றாறில் தெருவில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்தபோது அவனும் எடுத்து, லாரி ஓட்ட குவைத்துக்குப் போய்விட்டான். அதே வருடங்களில்தான் திருச்சானூரில் காலி மனையெல்லாம் லாட்ஜாகிக்கொண்டிருந்தது. அறை கூட்ட வந்த ரத்தினம்மா ஒரே வருடத்தில் மற்ற நான்கு பெண்களை விரட்டி வேலை வாங்குகிற இடத்துக்கு வந்துவிட்டாள். அப்படி ஒரு குரல் அவளுக்கு.

வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. காலை பத்து மணிக்கு துலுக்காணம் ரிசப்ஷன் போனில் கூப்பிடுவான். அந்தப் பத்து நிமிடம் நான் டீ குடிக்கப் போய்விட வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவள் மார்பில் ஒரு கட்டி வந்தது. திருப்பதியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். துலுக்காணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் கூடப் போனேன். டாக்டர் பிரேமலதா தெலுங்கில் பொறுமையாக விளக்கினார். ரத்தினம்மாவுக்குத் தெலுங்கு புரியும், திருப்பிப் பேசுவது தமிழில்தான். செல்லுக்குள் ஏற்பி என்று ஒன்று இருக்கிறதாம். ரத்தத்தில் ஓடுகிற ஹார்மோன் வந்து அதில் பொருந்தினால், வளரு என்று செல்லுக்கு உத்தரவு போகும். ரத்தினம்மாவின் கட்டியில் அந்த ஏற்பிகள் ஏராளம். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை முந்திப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஹார்மோன் வந்தாலும் பொருந்த இடம் இருக்காது. தினம் ஒன்று, ஐந்து வருடம்.

நான் எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டினேன்.

“நம்ம இருவத்திரெண்டாம் நம்பர் ரூம் கததான் இது,” என்றாள் ரத்தினம்மா என்னிடம்.

முந்தின மாதம் யாரோ ஒருவர் தன் பெட்டிச் சாவியை அந்த அறைப் பூட்டில் நுழைத்துத் திருகி, பாதியை உள்ளேயே உடைத்து வைத்துவிட்டார். சரியான சாவி கையில் இருந்தும் இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. நான் டாக்டருக்கு அதைத் தெலுங்கில் சொன்னதும் அவர் சிரித்து, “இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது,” என்றார். நான் மேனேஜர் என்பதை அவர் அன்று நம்பினாரா என்று தெரியவில்லை.

மூன்று வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமாக எடுக்கிற ஸ்கேனில் கல்லீரலில் ஏதோ திட்டாகத் தெரிகிறது என்றார்கள். அடுத்த திங்கள் பெரிய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஷேர் ஆட்டோவில் ரத்தினம்மாவோடு திரும்பினேன். லாட்ஜ் வாசலில் இறங்கினதும் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ணா, ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது. சனிக்கெழமைல நான் மாத்திர போடறதில்ல.”

“ஏன்?”

“சனிக்கெழம பெருமாளுக்கு ஒருபொழுதாச்சே. பொழுது சாயற வரிக்கும் பச்சத் தண்ணிகூட வாயில படாதுன்னு வேண்டிக்கினு கீறேன். காத்தால மாத்திர துன்னா அதுவும் துன்றதுதானே?”

“சரி, மத்த நாளெல்லாம் போட்டியா?”

“கிருத்திகக்கிப் போடல. அது திருத்தணி முருகனுக்கு.”

எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சாமிக்கும் பாக்கி வைக்கவில்லை. நோய் திரும்பி வரக் கூடாது என்று எடுத்த விரதம். அந்த விரதத்துக்காக நோய்க்கான மாத்திரையையே விட்டிருக்கிறாள். மனதுக்குள் கணக்குப் போட்டேன். மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட இருநூறு நாள். கத்த மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“இருநூறு நாள் பூட்டத் தொறந்து போட்டுட்டேன்ணா,” என்றாள். “உள்ள பூந்து கல்லீரல் வரிக்கும் போயிடுச்சி.”

வெள்ளிக்கிழமை போன் வந்தது. நான் டீக்குப் போகிற மாதிரி கிளம்பி வாசல் தூணோடு நின்றுகொண்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் நின்றேன். “நல்லா கீறேன், நீ வேளைக்குத் துன்னு,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பிறகு காலி அறைச் சாவிகளைப் பலகையில் மாட்டினாள். பதினொன்றில் பதினேழு, முப்பதில் நான்கு. அவள் போனதும் நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சரியாக மாட்டினேன். அவள் பிழைத்துக் கிடந்தால் போதும் என்று, எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்காத நான் அன்று பத்மாவதித் தாயாரிடம் கேட்டேன்.

திங்கள் எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. புதன்கிழமை டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“புற்றுநோய் இல்லை,” என்றார். “கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. ஓர் இடத்தில் அதிகமாகச் சேர்ந்ததால் திட்டாகத் தெரிந்திருக்கிறது. லேசான அழற்சியும் இருக்கிறது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலருக்கு இப்படி வரும். தினம் நடக்க வேண்டும், எண்ணெய்ப் பண்டம் குறைக்க வேண்டும். அடிக்கடி பரிசோதித்துப் பார்த்துக்கொள்வோம்.”

“வாரம் ஒருநா பட்டினி கெடக்கிறவளுக்குக் கொழுப்பா!” என்றாள் ரத்தினம்மா. குரல் திரும்பி வந்துவிட்டது.

“லாட்ஜில் நாங்கள் எல்லோரும் எப்போதோ சொன்னதுதான்,” என்றேன். என்னை முறைத்தாள். எனக்கு அழுகை வந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவளே என்னைச் சொல்லச் சொல்லி டாக்டரிடம் சனிக்கிழமைகளையும் கிருத்திகைகளையும் ஒப்புக்கொண்டாள். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த மருந்து ஒரே நாளில் உடம்பை விட்டுப் போகாது, பல நாள் தங்கும், அதனால் ஒருநாள் விட்டதும் பூட்டு திறந்துவிடாது என்றார். அதை நம்பி விளையாடக் கூடாது, இனி ஒருநாள்கூடத் தவறக் கூடாது என்றும் சொன்னார்.

“பெருமாள் கோச்சுக்க மாட்டாரா?” என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

“நானும் சனிக்கிழமை ஒருபொழுதுதான்,” என்றார் டாக்டர். “காலையில் தைராய்டு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுத்தான் கும்பிடுகிறேன். பதினைந்து வருடமாக அவர் ஒன்றும் சொல்லவில்லை.”

ஏற்பி, ஹார்மோன், கொழுப்பு எல்லாவற்றையும்விட அந்தத் தைராய்டு மாத்திரைதான் ரத்தினம்மாவை மசிய வைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் டீக்குப் போகவில்லை, அவளும் போகச் சொல்லவில்லை. நடந்ததை முழுதாகத் துலுக்காணத்திடம் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் அழுவது எனக்கே கேட்டது.

“இன்னாத்துக்கு அழுவுற? அதான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களே,” என்றாள். “இனிமே சனிக்கெழமையும் மாத்திர துன்னப் போறேன். அந்தக் குத்தத்துக்கு நீ வந்து மல மேல மொட்ட போட்டுடு. என் முடிய என்னால தர முடியாது.”

மறுநாள் காலை மேசைக்கு முன்னால் வந்து நின்று மாத்திரையை விழுங்கினாள். “நீதான் சாட்சி,” என்று சொல்லிவிட்டுப் பட்டினியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்று முதல் சனிக்கிழமைகளில் அவளுக்கு முன்னால் நான் வேலைக்கு வர வேண்டியதாயிற்று.

நான்கு மாதம் கழித்து, கூட்டம் அதிகமான ஒரு காலையில், பளபளவென்று சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு ஒருவன் பெட்டியை மேசைக்குப் பக்கத்தில் இறக்கினான். அன்று மட்டும் முப்பது மொட்டைகளைப் பார்த்திருப்பேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“பதினாறு காலியா சார்?” என்றான்.

நான் பலகைப் பக்கம் திரும்பினேன். மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த ரத்தினம்மா நிமிரவில்லை.

“காலிதான். ஒனக்குக் கெடையாது. வூட்டுக்குப் போயி துன்னுட்டுப் படு, வந்துடறேன்,” என்றாள்.