பக்கத்துத் தெருவுக்குப் போன கதை

எங்கள் சித்தப்பாவோடு நடந்து ஓர் இடத்துக்குப் போவதைவிட, பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது மேல். ஆறாம் வகுப்பு படிக்கும்போதே இது எனக்கு விளங்கிவிட்டது.

சித்தப்பா அப்போது தென் அமெரிக்காவில், குஸ்கோ என்கிற பழைய மலையூரில், சோலார் வேலையில் இருந்தார். அங்கே அவருக்கு ஒரு நண்பர். நண்பரும் அவருடைய தங்கையும் சித்தப்பாவை ஊர் முழுக்க நடத்தியே கூட்டிப்போய், சுண்ணாம்பே இல்லாமல் கல்லோடு கல் பொருந்தி நிற்கும் சுவர்களைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்தவர் பெருமை பேசும்போது நம் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்குமா? எங்கள் ஊரிலும் ஆயிரம் வருஷத்துக் கல் இருக்கிறது என்று இவரும் அடித்துவிட்டிருக்கிறார். ஒரு பொங்கல் லீவில் சித்தப்பாவோடு அண்ணனும் தங்கையும் அதைப் பார்க்க எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிக்கே வந்து இறங்கிவிட்டார்கள்.

கல் என்பது நடுகல். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன் ஒருவன் அதில் வில்லோடு நிற்பான். அவனைப் பற்றி இங்கிலீஷில் பேச ஆள் வேண்டுமென்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நானும் இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தேன். கல் இருந்தது எங்கள் அத்தை வீட்டுக்குப் பின்னால், புளியமரத்தடியில். அத்தை வீடு பக்கத்துத் தெரு.

அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். தாயில்லாத சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவருடைய மகள் சித்தப்பாவுக்குத்தான் என்று அவள் பிறந்த அன்றே பேசி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது தாய்மாமனின் உரிமை. பி.எட். முடித்துவிட்டு அவள் காத்திருந்தாள். அவளைச் சித்தி என்றே கூப்பிட எங்களைப் பழக்கியும் விட்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

காலையில் கிளம்பினோம். அத்தை தெரு வலது கைப்பக்கம். சித்தப்பா இடது பக்கம் திரும்பினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். போகலாம், போகலாம் என்றார்.

முதலில் ஒரு பெரியப்பா வீடு. எங்கள் ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டு அடுத்தவர் வீட்டைத் தாண்டிப் போக முடியாது. தாண்டினால் அடுத்த கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்து போவார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்தோம். காபி, மிக்சர், முறுக்கு. வந்த பெண் வெறும் நெற்றியோடு போகக்கூடாது என்று அந்தத் தங்கைக்குக் குங்குமம் வைத்து, மல்லிகை வைத்து, ஜாக்கெட் பிட் கொடுத்தார்கள். அவரும் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பிட்டுகளைச் சுமந்தது நான்.

பெண் யார் என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். நண்பரின் தங்கை என்று சித்தப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த கேள்வியும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: அக்கா வீட்டுக்குப் போனாயா? இனிமேல்தான் போகணும் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்களுக்குத் தெரிகிற வழி இவருக்குத் தெரியாதா?

சொந்தக்காரர்கள் தீர்ந்தபிறகாவது கல்லுக்குப் போவார் என்று நினைத்தேன். மாரியம்மன் கோவிலுக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். பால் சொசைட்டியில் பாலில் தண்ணீர் கலந்ததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று விளக்கினார். இதைப் பார்க்கவா பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள்? நண்பர் பொறுமைசாலி. ஆனால் அவரே கடைசியில் செல்போன் மேப்பை நீட்டி, ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறோமே என்று காட்டினார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற ஆளைப் பார்த்திருக்கிறேன். மூக்கையே தொடாமல் தலையை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தவர் எங்கள் சித்தப்பா ஒருவர்தான்.

பொழுது இறங்கும் நேரத்தில், வேறு வழியில்லாமல், அத்தை வீட்டுக்கு வந்தோம்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். அந்தப் பெண்ணின் நெற்றியில் இருந்த குங்குமத்தையும், தலையில் இருந்த பூவையும், என் கையில் இருந்த துணிமூட்டையையும் வரிசையாகப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டார். காபி கொடுத்தார். பயணம் சௌகரியமா, சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று மரியாதையாக விசாரித்தார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"ஊருக்கெல்லாம் காட்டிட்டு, எம் வூட்டுக்குக் கடைசியா கூட்டியாந்திருக்கியே தம்பி."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நியாயம் கேட்க ஒருவராவது இருக்கிறாரே.

"நான் காத்தாலயே சொன்னேன் அத்த, மொதல்ல உங்க வூட்டுக்குப் போலாம்னு. சித்தப்பாதான் கேக்கல."

அத்தை என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே புளியமரம் இருட்டிக்கொண்டு வந்தது. என் வீரனும் வில்லும் எனக்குக் கிடைக்காமல் போய்விடும் என்ற அவசரத்தில், மிச்சமிருக்கிற சடங்கையாவது சீக்கிரம் முடிக்கலாம் என்று, குங்குமம் கொடுத்துவிடுங்கள், நாங்கள் போகவேண்டும் என்று நானே கேட்டுவிட்டேன்.

அத்தை எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. கடைசியில் குங்குமச் சிமிழோடு வந்தது சித்திதான். அந்தப் பெண்ணின் முன்னால் நின்று, முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்து, பொட்டு வைத்தாள். அது கோணலாக விழுந்தது. தன் தலையிலிருந்த சரத்தில் பாதியைக் கிள்ளி அவருக்கு வைத்துவிட்டாள்.

"அம்மாவுக்குத் தலவலிங்க மாமா. நான் சொல்லிக்கறேன். நீங்க போய்ட்டு வாங்க."

கல்லைப் பார்க்காமலேயே சித்தப்பா விறுவிறுவென்று வெளியே நடந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சித்தப்பா தெருமுனைச் சின்னப் பாலத்தின் மேல் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நண்பர் சற்றுத் தள்ளி நின்றுவிட்டார். தங்கை மட்டும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன ஆயிற்று என்று என்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார். அன்று முழுக்க என்னிடம் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி அது.

நாள் பூராவும் வேண்டாத இடமெல்லாம் சுற்றினால் வேறென்ன ஆகும்? லெக் பெயின் என்றேன். அவர் நம்பிவிட்டார். நானும் அப்படித்தான் நம்பினேன்.