முன்வாசலுக்கு ஒரு டிக்கெட், பின்வாசலுக்கு ஒரு டிக்கெட்

காலை பத்து மணிக்குக் காரைக்குடியில் ஆட்டோ பிடித்தேன். பழைய வீடுகள் பார்க்கக் கண்டரமாணிக்கம் போய்வர ஆயிரத்து இருநூறு ரூபாய். போகும் தூரம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். "ஆள் இருக்க வீடு பாக்கணுமா, ஆள் இல்லாத வீடா?" என்றார் ஓட்டுநர். ஆளில்லாத வீட்டில் புறா மட்டும் இருக்குமாம், ஆள் இருக்கும் வீட்டில் காப்பி கிடைக்குமாம். காப்பி வீட்டைத் தேர்ந்தேன்.

செம்மண் பொட்டல், வற்றிய கண்மாய், கருவேலங்காடு. பிறகு, மழையே அதிகம் பாராத வெளியில் கப்பல்கள் கரையேறி நிற்பதுபோல் மாளிகைகள். நான் இறங்கிய வீட்டின் உச்சியில் சுதையில் செய்த திருமகள். இருபுறமும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஒருவனுக்கு மூக்கில்லை, மற்றவனுக்குத் துப்பாக்கியில்லை. விறைப்பு மட்டும் இருவருக்கும் குறையவில்லை.

வீட்டுக்காரர் லெட்சுமணன் ஐம்பது ரூபாய் டிக்கெட் கிழித்தார். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று காட்டிக்கொண்டே போனவர், கூடத்தின் கடைசியில் பூட்டிய கதவருகே நின்றுவிட்டார்.

"அங்குட்டு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. என் தம்பி இருக்கான்."

ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பாகம் பிரித்தபோது முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பி சிதம்பரத்துக்கு. நடுக்கதவுக்கு இரண்டு பக்கமும் பூட்டு. ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. கோயிலில் எதிர்ப்பட்டால் இருவரும் கோபுரத்தைப் பார்ப்பார்களாம்.

இதைச் சொன்னவள் காப்பி கொண்டுவந்த லெட்சுமணனின் மகள் உமையாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். தாலி கட்டுவது முன்கூடத்தில், பந்திக்குச் சமைப்பது பின்கட்டில். கதவு திறக்காவிட்டால் வீட்டில் கல்யாணமில்லை. அன்று மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் ஃபோனில் முடிவு கேட்பார்கள்.

"இல்லைன்னா ஏசி மண்டபம் சார். போய்ப் பாத்தேன். ஃப்ரிட்ஜ் விக்கிற கடை மாதிரி இருக்கு. அங்க உக்காந்து கழுத்துல தாலி வாங்க எனக்கு மனசில்ல."

லெட்சுமணன் கதவைப் பார்த்தபடி சொன்னார்: "பின்வாசலும் பாக்கத்தான போறீக? கதவத் தொறக்கச் சொன்னேன்னு சொல்லிராதீக. தொறந்தா வேணாங்கமாட்டேன்னு மட்டும் சொல்லுங்க."

பன்னிரண்டு மணி வெயிலில் தெரு சுற்றிப் போனேன். சிதம்பரம் நாற்பது ரூபாய் டிக்கெட் கிழித்தார். "அங்குட்டு அம்பதா? எங்கட்ட கெணறு வேற இருக்கு சார்." நான் சொன்ன செய்தியைக் கேட்டார். "மொதல்ல அவுக பூட்டத் தொறக்கட்டும்."

திரும்பி வந்தேன். "மொதல்ல பூட்டுனது அவன்தான?" என்றார் அண்ணன். மறுபடியும் போனேன். பழக்கதோஷத்தில் டிக்கெட் கிழிக்கப்போன சிதம்பரம் கையை இழுத்துக்கொண்டார். "தூது வாரவுகளுக்கு ஃப்ரீ." பதில் மட்டும் மாறவில்லை.

இரண்டரை மணிக்கு நான் மூன்றாம் முறை கிளம்பியபோது உமையாளும் குடையோடு கூட வந்தாள். சித்தப்பா முன்னால் நின்றாள். அப்பாவை அங்கே 'அப்பச்சி' என்பார்கள்.

"அப்பச்சிய விடுங்க. என் கல்யாணத்துக்கு நான் அழைக்கிறேன். அடுப்புக்கு எடம் காட்டுங்க."

அவர் அவள் கையிலிருந்த குடையைப் பார்த்தார். "வெயில்ல சுத்தியா வந்த?"

"பின்ன, பறந்தா வருவாக?"

சாவியைத் தேடக்கூட இல்லை, இடுப்பிலேயே இருந்தது. அவர் பூட்டைத் திறந்ததும் மறுபக்கம் இன்னொரு பூட்டு திறக்கும் சத்தம். லெட்சுமணன் கதவில் காது வைத்திருந்திருக்க வேண்டும். ஆனாலும் கதவு அசையவில்லை. "மரம் உப்பிப்போச்சு" என்று தம்பி தள்ளினார். "கீல் துருப்பிடிச்சுருச்சு" என்று அங்கே அண்ணன் தள்ளினார்.

"ரெண்டு பேரும் தள்ளுனா எப்புடி? யாராச்சும் ஒருத்தரு இழுங்களேன்" என்றாள் உமையாள்.

சிதம்பரம் கதவு வளையத்தைப் பிடித்து இரண்டடி பின்னால் வந்தார். கதவு திறந்துகொண்டது. "காத்துல தொறந்துக்கிருச்சு" என்றார் என்னிடம்.

அண்ணன் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "தலையில இருந்த முடியெல்லாம் எங்கடா?"

"பெல்ஜியம் கண்ணாடியெல்லாம் ஒங்க பாகத்துலதான இருக்கு? ஒங்க தலைய நீங்க பாத்ததில்லையா?"

ஃபோன் அடித்தது. உமையாள் எடுத்தாள். "வீட்டுலதான், அத்தை" என்றாள்.

நான் விடைபெற்றதை யாரும் கவனிக்கவில்லை. பந்திச் சமையலுக்கான கோட்டை அடுப்பைக் கிணற்றுக்குக் கிழக்கே போடுவதா மேற்கே போடுவதா என்று அண்ணனும் தம்பியும் அதற்குள் குரலை உயர்த்தியிருந்தார்கள்.

சென்னையில் என் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு எனக்கு எந்தச் சண்டையுமில்லை. அவர் பெயரும் தெரியாது. நடுவில் வெறும் சுவர். பூட்டிவைக்கக்கூட ஒரு கதவில்லை.