பின்னங்கால் இல்லாத கதிரை

மகளின் நிக்காஹ் அன்று மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதற்கு, மதுரங்குளியில் தலைமுறை தலைமுறையாகத் தளபாடம் செய்யும், என்னிலும் மூத்த காக்கா ஒருவரிடம் கதிரை சொல்லியிருந்தேன். காதில் பென்சில், பீப்பாய் உடம்பு. செய்து வைத்திருந்ததைக் கண்டதும் குனிந்து பின்பக்கம் தேடினேன்.

“காக்கா, பின்னங்கால் ரெண்டையும் மறந்துட்டீங்களே! மாப்பிள்ள சபையில மல்லாந்து விழப்போறாரு!”

“மறக்கல்ல தம்பி. டிசைன்தான் புதுசு. பொருத்து எங்கட மூத்தவாப்பா போட்ட அதே பொருத்து.”

சொல்லிவிட்டு அதில் இருந்தார். “வாங்க, என்ட மடியில இருந்து பாருங்க.”

ஐம்பது வயதில் அவர் மடியில் இருந்தேன். கதிரை மெல்ல வளைந்து கொடுத்தது, முறியவில்லை.

ஆனாலும் நிக்காஹ் முடியும்வரை கதிரையின் முதுகைப் பிடித்தபடியே நின்றேன். மருமகன்மீது என்ன பாசம் என்று சம்பந்தி உருகினார்.

விருந்துக்கு வந்திருந்த காக்காவிடம் பிளாஸ்டிக் கதிரையொன்றை நகர்த்தினேன்.

“வேணாம் தம்பி. நாலு கால் இருந்தும் இத நம்பேலாது.”

அன்று சபையில் கடைசிவரை கதிரையில் இருக்காமல் நின்றவர்கள் நாங்கள் இருவர்தான்.