சாட்சி சொன்ன பிறகு

சபையின் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வரும்போதெல்லாம், வேதாகமத்தைத் திறக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். தண்ணீர் அவருக்கல்ல. வாங்கி என் மனைவியிடம் நீட்டுவார். அவளுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை வியாதி.

"மாத்திரை போட்டாச்சாம்மா?"

"ஜெபம் பண்ண வந்தீங்களா, கம்பவுண்டர் வேலைக்கு வந்தீங்களா?" என்று அவள் சீண்டுவாள்.

"ரெண்டுக்கும் சேத்துத்தாம்மா சம்பளம். மொதல்ல முழுங்குங்க."

அவள் விழுங்கிய பிறகுதான் அவர் கண்ணை மூடுவார். எனக்கு அது பிடிக்கவில்லை. குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், சபையின் செயலாளரும்கூட. அவர் வயல் வேலை செய்த குடும்பத்திலிருந்து படித்து வந்து, போதகர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்தியவர். தேர்வறையில் காப்பியடிக்கும் மாணவனைப் பார்ப்பதுபோல்தான் நான் அவரைப் பார்த்தேன். தன் ஜெபத்தில் நம்பிக்கை உள்ளவனுக்கு மாத்திரை எதற்கு? இந்த மனிதர் சம்பளத்துக்காகக் கைகூப்புகிறார் என்று முடிவுகட்டி, அதைச் சபையில் இரண்டொருவரிடம் சொல்லியும் வைத்தேன்.

வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்துகொண்டிருந்த காலம் அது. கடைத்தெரு முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் முன்பே வளைகுடாவுக்குப் போயிருந்தார்கள். பிறகு எங்கள் பிள்ளைகளும் கிளம்பினார்கள். என் மகன் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனான். அங்கே ஏதோ புதிய ஜெபக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டு, ஞாயிறுதோறும் தொலைபேசியில் எங்கள் விசுவாசத்தை விசாரிப்பான். விடுமுறைக்கு வந்தவன், தன் அம்மாவைத் திருவாரூரில் ஒரு மைதானத்தில் நடந்த சுகமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். மருந்தை நம்புகிறவன் தேவனை நம்பாதவன் என்று அங்கே பிரசங்கியார் மைக்கில் முழங்கினாராம். வீடு திரும்பியதும் மகன் அவளுடைய மாத்திரைகளையெல்லாம் வாரிக் குப்பைக்குழியில் போட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த ஞாயிறு அவள் எங்கள் ஆலயத்தில் எழுந்து நின்று, தான் சுகம் பெற்றதாகச் சாட்சி சொன்னாள். சபை கைதட்டியது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி அவள் கையைப் பிடித்துக் கேட்டார்கள். இத்தனை வருடம் செயலாளராக உழைத்தும் எனக்குக் கிடைக்காத மரியாதை ஒரே காலையில் என் வீட்டுக்கு வந்தது. அது எனக்கு இனித்தது.

உபதேசியார் கைதட்டவில்லை. மதியம் வீட்டுக்கு வந்தார்.

"ரத்தத்த ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம் சார். கொறஞ்சிருந்தா நானே முன்னாடி நின்னு சொல்றேன்."

"சந்தேகப்படுறீங்களா?"

"ஆண்டவரச் சந்தேகப்படல சார். மைக்கத்தான் சந்தேகப்படுறேன்."

என் மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. ஆண்டவரைப் பரீட்சை பார்ப்பது பாவம் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் நான் பயந்தது பாவத்துக்கல்ல. ரத்தம் வேறு மாதிரி சொல்லிவிட்டால், கைதட்டியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அதன்பின் என் வீட்டிலேயே நான் காவல்காரனானேன். அவள் சோர்ந்து படுத்தாலும், அடிக்கடி தண்ணீர் குடித்தாலும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்; தலையணைக்கு அடியில் மட்டும் தேடிப் பார்ப்பேன். ஒரு நாள் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே ஒரு மாத்திரை.

"யாரு குடுத்தா?"

"உபதேசியாருதாங்க. இன்னும் போடல. உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாம்னு வச்சிருந்தேன்."

வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று மாலை அவர் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றேன்.

"சரிங்க சார், நான் வரல. அம்மாவ மட்டும் ஆஸ்பத்திரிக்கு அழச்சிட்டுப் போயிருங்க" என்று சைக்கிளைத் திருப்பினார்.

அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் படைக்க முதல் கதிர் கொண்டுவர அவள் எங்கள் வயலுக்குப் போனாள். அறுப்பு முடிந்திருந்த பக்கத்து வயலைக் கடக்கையில் அறுத்த நெல்தாளின் முனை பாதத்தில் குத்தியது. மஞ்சள் பற்று போட்டாள். புண் ஆறவில்லை, கறுத்தது. காய்ச்சலில் நினைவு தடுமாறிய பிறகே தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார். கட்டிலிலிருந்து அவள்தான் பதில் சொன்னாள்: "நான்தான் டாக்டர், மறந்துட்டேன்." அதற்குப் பிறகு அவள் தெளிவாக எதுவும் பேசவில்லை.

அவளை அடக்கம் செய்த பிறகு, திருவாரூர்க் கூட்டத்தார் ஆறுதல் சொல்ல வந்தார்கள். "அம்மாவுக்கு விசுவாசம் கொஞ்சம் பத்தலீங்க" என்றார் ஒருவர். மகனும் தொலைபேசியில் அழுதபடி அதையே சொன்னான். நான் தலையாட்டினேன். மூலையில் உட்கார்ந்திருந்த உபதேசியார், அவர்கள் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார்.

"அம்மாவுக்கு ஆண்டவர் மேல எவ்வளவு விசுவாசம் இருந்துச்சுன்னு அளந்து சொல்ல நான் யாரு சார்? உங்க மேல நெறய இருந்துச்சு. அது எனக்குத் தெரியும்."

அவர் பிறகு வேறு சபைக்கு மாறிப் போனார். எங்கள் ஆலயத்தில் இப்போது பெரிய திரை இருக்கிறது. யாராவது சாட்சி சொல்ல எழுந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. பிறகு, சந்தேகப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றுகிறது. சந்தேகமே இல்லாதிருப்பதுதான் விசுவாசம் என்று நம்பியிருந்தேன். அவர் மைக்கைச் சந்தேகித்தார், கைதட்டலைச் சந்தேகித்தார், என்னையும் சந்தேகித்திருப்பார். ஆண்டவரைச் சந்தேகிக்காததால், ஒரு ரத்தப் பரிசோதனை அவரைப் பயமுறுத்தவில்லை. உண்மை வெளியே வந்துவிடுமோ என்று நடுங்கிய நான் யாரை நம்பினேன்?

எந்த ஆலயத்திலும் நான் சொல்லாத சாட்சி ஒன்று இருக்கிறது. எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அந்த மாதங்களில் ஒரு நாளும் என் மாத்திரையை நான் நிறுத்தவில்லை. காலையில் காப்பியோடு அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். உங்களுக்கு மட்டும் எதற்கு என்று அவள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.